பச்சை நூல் முடிச்சு

பிளேடால் புத்தகத்தின் முதுகைக் கீறிக்கொண்டிருக்கிறாள் சி.ஐ.டி. அக்கா. பழைய புத்தகக் கடையில் பேரம் பேசி வாங்கிய தடித்த மர்ம நாவல். முதல் அத்தியாயம் ‘இன்று’, அடுத்தது ‘அன்று’, அதற்கடுத்தது மறுபடி ‘இன்று’ என்று மாறி மாறிப் போகிற ரகம். அந்த ரகம்தான் வேண்டும் அவளுக்கு. ஒரே காலத்தில் ஆரம்பித்து அதே காலத்தில் முடிந்துபோகிற கதையை ஓசியில் கொடுத்தாலும் தொடமாட்டாள்.

பக்கங்கள் கையோடு வந்ததும் சீட்டுக்கட்டு மாதிரி பிரிக்கிறாள். ‘இன்று’ எல்லாம் இடப்பக்கம், ‘அன்று’ எல்லாம் வலப்பக்கம். ஒரே தாளின் முன்புறத்தில் அன்றையும் பின்புறத்தில் இன்றையும் அச்சடித்துத் தொலைத்திருந்தால், அந்தத் தாளை முதலில், அவளோடு லாண்டரியில் வேலை பார்க்கிற இஸ்திரி அண்ணனிடம் கொடுத்து முன்புறத்தைப் படிக்கச் சொல்லுவாள். திரும்பி வாங்கும்போது அந்தப் புறத்தின் மேல் பழுப்புத் தாளை வைத்துக் குண்டூசி குத்திவிடுவாள். குத்துகிறபோது ஓரக்கண்ணால்கூடப் பார்க்கமாட்டாளாம். சத்தியமாம்.

இடப்பக்கக் கட்டு அவளுக்கு. வலப்பக்கக் கட்டு, துணி மாட்டுகிற கிளிப் ஒன்றோடு, அதே லாண்டரியில் இஸ்திரி போடுகிற அண்ணனுக்கு. இன்றைக்கு நடப்பதை மட்டும் படித்துவிட்டு, அன்றைக்கு என்ன நடந்திருக்கும், யார் செய்திருப்பார்கள் என்று அவள் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்து அண்ணனிடம் சொன்ன பிறகுதான் அவரிடமிருக்கிற கட்டை வாங்கிப் படிப்பாள். அதற்கு முன்னால் அதிலிருந்து ஒரு வரி அவர் வாய் தவறிச் சொல்லிவிட்டால் போச்சு, அன்று முழுக்க முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வாள்.

கடைத்தெருவின் கடைசியில் கண்ணாடிக் கதவு போட்ட லாண்டரி அது. முன்னால் கவுண்டர், பின்னால் நீளக் கூடம். கூடத்தின் ஒரு கோடியில் சலவை இயந்திரங்கள், நடுவில் இஸ்திரி மேசைகள், மறுகோடியில் ஜன்னலை ஒட்டிக் கறை எடுக்கிற மேசை. அந்த மேசைதான் அக்காவின் ராஜ்யம். வினிகர், சோப்புத் தண்ணீர், பெயர் எழுதாத நாலைந்து சீசாக்கள், ஒரு ஸ்பிரே பாட்டில், கறையை அழுத்தி எடுக்க மழுங்கிய பிளாஸ்டிக் தகடு ஒன்று, அடியில் வைக்க வெள்ளைத் துணிகள். இழுப்பறையில் நாவல்.

ஒரு சட்டையை மேசையில் விரித்ததும் உடனே சீசாவைத் தொடமாட்டாள். முதலில் மோந்து பார்ப்பாள். பிறகு ஈர விரலால் தடவுவாள். பிறகு சட்டையைத் திருப்பிப் போட்டு, “இது நேத்து விழுந்ததில்ல. வீட்ல யாரோ தேய்ச்சுப் பாத்திருக்காங்க, போகல, பயந்துபோய் கொண்டாந்திருக்காங்க” என்பாள். பேர் வந்தது இப்படித்தான். கறைகளைப் பற்றி அவளுக்கு ஒரு வாசகம் உண்டு, வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது: “இன்னிக்குத் தெரியுற கறை இன்னிக்கு விழுந்ததில்ல.” நாவல் ஏன் பிடிக்கிறது என்று கேட்டாலும் இதையேதான் சொல்லுவாள்.

அவள் பயப்படுகிற கறை ஒன்றே ஒன்றுதான், கண்ணுக்குத் தெரியாத கறை. இனிப்பு சோடா மாதிரி நிறமில்லாத பானம் ஏதாவது துணியில் சிந்தினால், காய்ந்ததும் ஒன்றுமே தெரியாது. சர்க்கரை மட்டும் நூலுக்குள் உட்கார்ந்துகொள்ளும். வருஷக்கணக்கில் அலமாரியில் சாது மாதிரி கிடந்துவிட்டு, இஸ்திரிப் பெட்டியின் சூடு பட்டவுடன் பழுப்பாக எழும்பி வரும். அதனால்தான் வெளிர் நிறப் பட்டு எது வந்தாலும் வாங்கும்போதே கவுண்டருக்கு அவளைக் கூப்பிடுவார்கள். அவள் துணிமேல் பன்னீர் தெளிக்கிற மாதிரி தண்ணீர் தெளித்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். சர்க்கரை இருக்கிற இடம் தண்ணீரை வேறு மாதிரி குடிக்கும், அவள் கண்ணுக்குத் தப்பாது. ஒன்றுமில்லையென்றால் லேபிளில் பச்சை நூலால் ஒரு முடிச்சுப் போடுவாள். சி.ஐ.டி. அக்கா பார்த்தாச்சு, தைரியமாகச் சூடு வைக்கலாம் என்று அர்த்தம். அந்தப் பச்சையைப் பார்த்துவிட்டால் இஸ்திரி அண்ணன் வேறு எதையும் பார்க்கமாட்டார்.

டீ வருகிற வேளையில்தான் விசாரணை. இரண்டு பேரும் ஆளுக்கொரு டீயோடு துணிக்கூடைகளின் மேல் உட்காருவார்கள்.

“அண்ணே, யாருன்னு சொல்லட்டுமா?”

“சொல்லு.”

சொல்லுவாள். கதையில் வருகிற வீட்டின் மூத்த மருமகள் ஏன் மாடி அறையைப் பூட்டியே வைத்திருக்கிறாள், தோட்டக்காரன் ஏன் கிணற்றுப் பக்கம் போகமாட்டேன் என்கிறான் என்று ஒவ்வொன்றாகப் பிடித்து இழுத்து, கடைசியில் ஒரு ஆளைக் கொண்டுவந்து நிறுத்துவாள். அண்ணன் சுவர் மாதிரி உட்கார்ந்து கேட்பார். அவள் சொன்னது சரியாக இருந்தால் மட்டும் தன் காது மடலைத் தேய்த்துக்கொள்வார். அது அவருக்கே தெரியாது. அவளுக்குத் தெரியும், இத்தனை வருஷமாகச் சொல்லாமல் வைத்திருக்கிறாள். கள்ளி.

ஒரே ஒரு தடவை வசமாக ஏமாந்தாள். துப்பறிய வந்தவனே கடைசியில் குற்றவாளியாக நின்ற நாவல் அது. கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. “கேள்வி கேக்கிறவனே செஞ்சவனா இருந்தா அப்புறம் யாரைத்தான் நம்பறது? சுத்த ஏமாத்து” என்று இரண்டு கட்டையும் பஞ்சுக் குப்பை மூட்டையில் திணித்துவிட்டாள். அண்ணன் அதைத் தோண்டி எடுத்து, தட்டி, வீட்டுக்குக் கொண்டுபோய் முதலிலிருந்து மறுபடி படித்தார். அவருக்கு அதுதான் பிடித்ததாம். “பாவம், கடைசில அவனேதானே வாயைத் திறந்து சொல்றான்” என்றாராம்.

ஜன்னலோர மேசைக்கு அவள் நேராக வந்துவிடவில்லை. பல வருஷம் சலவைப் பக்கத்தில் ஈரத்தரையில் நின்றவள். கால்விரல் இடுக்கெல்லாம் வெந்துபோய், வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றவே அழுகை வரும். அந்தப் பெண்ணுக்கு மூக்கும் கண்ணும் நன்றாக இருக்கிறது, மேசைக்கு மாற்றிப் பாருங்கள் என்று முதலாளியம்மாவிடம் எடுத்துச் சொன்னவர் இஸ்திரி அண்ணன்தான். அவள் கணவன் லாரியில் போகிறவன், எப்போது திரும்புவான் என்பது லாரிக்கே தெரியாது. மகள் நர்ஸ் படிப்பில் இருக்கிறாள். வீடு ஓடுவது இந்த மேசையால். கால் ஆறியதும் இந்த மேசையால். வேலைக்கு நடுவில் இரண்டு பக்கம் படிக்க முடிவதும் இந்த மேசையால்தான்.

போன வாரம் அந்த மேசைக்கு வந்தது தந்த நிறத்தில் ஒரு பட்டு கவுன்.

கொண்டுவந்த பெண் கவுண்டரில் நின்று பேசிக்கொண்டே இருந்தாள். தன் கல்யாண வரவேற்புக்குப் போட்டதாம், அதற்கப்புறம் பெட்டியை விட்டு வெளியே எடுத்ததே இல்லையாம், இப்போது தங்கைக்குக் கல்யாணம், அவளும் இதைத்தான் போடுவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாளாம். தன் வரவேற்பில் சிநேகிதிகள் எல்லோரும் கையில் கிளாஸோடு ஆடி, மேலே வந்து விழுந்து, ஒரே கூத்து என்று சிரித்தாள். அக்கா தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். காதில் ஒன்றும் ஏறவில்லை. மேசை இழுப்பறையில், ‘இன்று’ கட்டின் கடைசி அத்தியாயத்தில், ஒரு வயதானவர் பூட்டிய அறையின் சாவியோடு மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தார். கவுனை வாங்கி, ஜன்னலில் ஒரு தடவை பிடித்து, தண்ணீர் தெளிக்காமலே பச்சை நூலை முடிந்து, உள்ளே அனுப்பிவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டாள். சாவி எந்தப் பூட்டுக்கு என்று தெரிந்தாக வேண்டியிருந்தது.

நேற்றுக் காலை இஸ்திரி மேசையில் ஒரு சத்தமும் இல்லாமல் போயிற்று. எப்போதும் புஸ்ஸென்று மூச்சு விட்டுக்கொண்டே இருக்கிற பெட்டி நின்றுவிட்டது. அக்கா நிமிர்ந்து பார்த்தாள். அண்ணன் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடியே குனிந்து நின்றுகொண்டிருந்தார். கவுனின் முன்பக்கத்தில், இடுப்புக்குச் சற்று மேலே, உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பு.

முதலாளியம்மா வந்தார். கெட்டவர் இல்லை, கடைப் பெயர் கெட்டுவிடும் என்ற பயம் எப்போதும் தொண்டையில் இருக்கிற மனுஷி. முன்பு ஒருதரம் அண்ணன் ஒரு கோட்டின் காலரைக் கருக்கியபோது, இன்னொரு தடவை இப்படி ஆனால் கிளம்பிவிட வேண்டும் என்று எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து அண்ணன் பட்டுக்கு மேலே மெல்லிய துணி போடாமல் பெட்டியை வைப்பதில்லை. நேற்றும் போட்டிருந்தார். அது பக்கத்திலேயே கிடந்தது. இருந்தாலும் தன் கைமேல் அவருக்கு அந்தக் காலரோடு நம்பிக்கை போய்விட்டது.

“என் கைதாம்மா” என்றார். “ஒரே இடத்துல கொஞ்சம் கூட நேரம் வெச்சுட்டேன் போல.”

முதலாளியம்மா அங்கேயே நின்று அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டார். முன்பே ஏதாவது கறை இருந்ததா என்று கேட்டதற்கு, பளிச்சென்றுதான் கொடுத்தேன், உங்கள் ஆளே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாளே என்று பதில் வந்தது. விடிந்தால் வரவேற்பு, சாயங்காலம் வாங்கிக்கொள்ள வருவதாகச் சொல்லி வைத்துவிட்டாள். போனைக் கீழே வைத்தபோது முதலாளியம்மாவின் முகம் வெளுத்திருந்தது. அக்காவின் பக்கம் திரும்பினார்.

“நீ பாரு. கருகல்தானே?”

அக்கா பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. கருகலுக்கு ஓரம் இருக்காது, நடுவில் அழுத்தமாக இருந்து வெளியே போகப் போக மங்கும். இதற்கு ஓரம்தான் கறுத்திருந்தது, தண்ணீர் வற்றிய தட்டில் நிற்கிற கோடு மாதிரி. சர்க்கரை. யாரோ ஒரு சிநேகிதியின் கையில் இருந்த கிளாஸ். கவுண்டரில் அந்தப் பெண் சிரித்துச் சிரித்துச் சொன்னது அத்தனையும் இப்போது வரி பிசகாமல் காதில் கேட்டது. கண் தன்னால் லேபிளுக்குப் போயிற்று. பச்சை முடிச்சு, இரண்டு சுற்று, தான் போட்டதுதான்.

கூடத்தில் எல்லோரும் அவள் வாசகத்துக்காகக் காத்திருந்த மாதிரி இருந்தது. சலவைப் பக்கத்துப் பெண் ஒருத்தி பக்கெட்டோடு நின்றுவிட்டாள்.

“அப்படித்தான் தெரியுது” என்றாள் அக்கா.

சொன்ன வாய் தன்னுடையதுதானா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. அண்ணன் அவளை ஒரு தடவை பார்த்தார். குற்றம் சொல்கிற பார்வைகூட இல்லை. அவளே சொல்லிவிட்டாள், அப்புறம் என்ன என்கிற மாதிரி ஒரு தலையசைப்பு. அவள் வார்த்தையை அவர் அவ்வளவு நம்பினார். முதலாளியம்மா அவரிடம் இன்றோடு நின்றுகொள்ளுங்கள் என்றார், அதையும் சத்தம் போடாமல்தான் சொன்னார். லேசான கருகல் சில சமயம் வெளுத்துக் கொடுக்கும் என்பாயே, சாயங்காலத்துக்குள் என்ன செய்ய முடியுமோ செய் என்று கவுனை அக்காவின் மேசையில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

மேசையில் கவுன் கிடந்தது. அக்கா வெகுநேரம் அதைத் தொடவில்லை. பிறகு கறையின் ஓரத்தில், தையலுக்கு அருகில் ஒளிந்த இடத்தில், வினிகர் கலந்த தண்ணீரை ஒரு சொட்டு விட்டாள். அடியில் வெள்ளைத் துணி. தகட்டால் மெல்ல அழுத்தினாள். வெள்ளைத் துணியில் டீ நிறத்தில் ஒரு புள்ளி இறங்கிற்று. சந்தேகமில்லை. வந்துவிடும். மெதுவாக, அவசரப்படாமல் எடுத்தால் முக்கால்வாசிக்கு மேல் வந்துவிடும், மிச்சத்தைத் தந்த நிறம் விழுங்கிக்கொள்ளும்.

அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது. நல்லவளுக்கும் வரும், வந்தது. யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. இப்படியே உட்கார்ந்து எடுத்துவிட்டால் கவுன் பிழைத்தது, கல்யாணம் பிழைத்தது, கருகலையே எடுத்த கெட்டிக்காரி என்று சி.ஐ.டி. அக்காவுக்கு இன்னொரு பேரும் சேரும். வெள்ளைத் துணியை அலசிப் போட்டுவிட்டால் சாட்சியும் இல்லை. அண்ணன் மட்டும் போவார். அவர்தான் ஒத்துக்கொண்டாரே. பார்த்தேன் என்று முடிச்சுப் போட்டுவிட்டுப் பார்க்காமல் விட்டது தெரிந்தால், முதலாளியம்மா இந்த மேசையில் அவளை ஒரு நாழிகை வைத்திருப்பாரா? மேசையே போகும். மறுபடி ஈரத்தரை, அல்லது அதுவும் இல்லை. கால்விரல்கள் செருப்புக்குள் தன்னால் மடங்கிக்கொண்டன. மகள் முகம் வந்தது. அடுத்தபடியாக, வரக்கூடாது என்று நினைத்துக்கொண்டிருந்த அண்ணன் முகமும் வந்தது. இந்த வயதில் வேறு எந்தக் கடையிலும் அவரை வாசலில் நிறுத்திக்கூடப் பேசமாட்டார்கள்.

நாவலாக இருந்தால் இந்த இடத்தில் அவள் குரல் கொடுத்திருப்பாள். புருஷன் கட்டிலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாலும், “வாயைத் திறந்து சொல்லித் தொலையேண்டி” என்று பக்கத்தைப் பார்த்துத் திட்டுகிறவள்.

அண்ணன் சாப்பாட்டுப் பையும் குடையுமாக வந்து நின்றார். கக்கத்திலிருந்து கிளிப் போட்ட கட்டை எடுத்து மேசை ஓரத்தில் வைத்தார். ‘அன்று’ கட்டு.

“நான் முடிக்கல தங்கச்சி. இன்னும் கொஞ்சம் இருக்கு. யாருன்னு நீயே பாத்துக்க.”

அவள் அந்தக் கட்டைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் பாதியில் திருப்பிக் கொடுத்ததில்லை. கிளிப்புக்குப் பக்கத்தில், படித்து நிறுத்திய இடத்தில், ஒரு பச்சை நூல் துண்டை அடையாளத்துக்கு வைத்திருந்தார். எந்த லேபிளிலிருந்தோ வெட்டி விழுந்ததாக இருக்கும், தரையிலிருந்து பொறுக்கியிருப்பார். அதைப் பார்த்ததும் அவளுக்குத் தாங்கவில்லை. கண் கலங்கிவிட்டது, வெட்கமாகவும் இருந்தது.

அவர் திரும்பி நாலு எட்டு நடந்துவிட்டார்.

“அண்ணே.”

நின்றார்.

“யாருன்னு சொல்லட்டுமா?”

“கதைதான் முடியலயே” என்றார் அவர், புரியாமல்.

அக்கா எழுந்து உள்ளே குரல் கொடுத்தாள். முதலாளியம்மா, கறை போய்விட்டது என்று நினைத்து, முகத்தில் கொஞ்சம் உயிரோடு வேகமாக வந்தார். கறை அப்படியே இருந்ததைக் கண்டு நெற்றியைச் சுருக்கினார். அக்கா புதிதாக ஒரு வெள்ளைத் துணியை எடுத்து உதறி, கவுனுக்கு அடியில் விரித்தாள். ஸ்பிரே பாட்டிலை எடுத்தாள். முதல் தெளிப்பு மேசையில் விழுந்தது. இரண்டாவது சரியாக விழுந்தது. தகட்டை வைத்து, நடுவிலிருந்து ஓரம் வரை, அவசரமில்லாமல் அழுத்திக்கொண்டு போனாள். சலவை இயந்திரம் ஒன்று சுற்றி முடித்து நின்றது.

கவுனைத் தூக்கி வெள்ளைத் துணியை வெளியே எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். துணியில் பழுப்பாக ஒரு வட்டம் இறங்கியிருந்தது, ஓரத்தில் கோடு உட்பட.

“கருகினது துணியில இப்படி இறங்காதும்மா. இது இனிப்பு சோடா. அந்தப் பொண்ணோட வரவேற்பு அன்னிக்கே விழுந்தது. சூட்டுல இன்னிக்கு வெளியே வந்திருக்கு. அண்ணன் கை இல்ல.”

இஸ்திரி அண்ணன் பையைக் கீழே வைத்தார். முதலாளியம்மா துணியை வாங்கிப் பார்த்தார், கவுனைப் பார்த்தார், மறுபடி துணியைப் பார்த்தார். மெல்ல மெல்ல அவருக்கு விளங்கிக்கொண்டு வந்தது. விளங்கியதும் அடுத்த கேள்வி வந்தது. வராமல் இருக்குமா?

“அப்போ, வாங்கும்போதே இதைப் பாத்திருக்கணுமே. பாத்தது யாரு?”

அண்ணனின் கை தன் காது மடலுக்குப் போயிற்று.

அக்கா குனிந்தாள். கவுனின் கழுத்தைத் திருப்பி லேபிளை வெளியே எடுத்தாள். மேசையில் கத்தரி இருந்தது, அதைத் தேடவில்லை. பச்சை முடிச்சைப் பல்லால் கடித்து அறுத்து, முதலாளியம்மாவின் உள்ளங்கையை விரித்து, அதில் வைத்தாள்.